நூறு எழுத்துக் கண்மாய்

1991 மே 10ஆம் தேதி, எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்ற மென்பொருளின் மூல நிரலில் ஒரு புதிய கோப்பு 1.1 என்ற பதிப்பெண்ணோடு பதிவானது. பிட்மேப் எழுத்துருக்களைப் படிப்பது அதன் வேலை. அதில் ஒரு வரியில் ஒரு பிழை இருந்தது. அடுத்த இருபத்திரண்டரை ஆண்டுக்கும் மேலாக யாரும் அதைத் தொடவில்லை. அது பாட்டுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பி, கம்பெனி மாறி, உரிமம் மாறி, ஒரு பெரிய குடும்பச் சண்டையைத் தாண்டி, கடைசியில் மதுரைக்குக் கிழக்கே வண்டியூரில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளின் பைக்குள்ளும் வந்து சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்குச் சொன்னது அதே ஆண்டு ஆகஸ்ட் 25இல். வயதைப் பார்த்தால் இந்தப் பிழை லினக்ஸுக்கே அக்காள்.

அதன் பிறந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லினக்ஸ் கணினியில் உலாவியோ சொற்செயலியோ திரையில் நேரடியாக எதையும் வரைவதில்லை. நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். சுட்டி நகர்ந்ததையும் விசை தட்டியதையும் செயலிகளுக்குச் சொல்வதும், செயலிகள் கேட்கிற கோட்டையும் எழுத்தையும் திரைக்குக் கொண்டுபோவதும் அதுதான். டிஸ்ப்ளே சர்வர் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டில் டபிள்யூ என்று அப்படி ஒன்று இருந்தது. அதை எடுத்துத் திருத்தி எழுதிய எம்.ஐ.டி.யின் ராபர்ட் ஷைஃப்ளர், ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தான எக்ஸைப் பெயராக வைத்து 1984 ஜூன் 19 அன்று சக ஊழியர்களுக்கு அறிவித்தார். டெக், ஐ.பி.எம். நிறுவனங்களின் உதவியோடு எம்.ஐ.டி. நடத்திய அதீனா திட்டத்தின் கணினிகளுக்காக அவரும் ஜிம் கெட்டிஸும் அதை வளர்த்தார்கள். பதினொன்றாம் பதிப்பு 1987 செப்டம்பர் 15இல் வெளியானது. அதன் பிறகு பன்னிரண்டு வரவே இல்லை, இன்றும் எக்ஸ்11தான்.

அந்தக் காலத்தில் எழுத்துருக்கள் சர்வரின் பொறுப்பில் இருந்தன. செயலி, 'இந்த எழுத்துருவில் இந்த எண்ணுள்ள எழுத்தைப் போடு' என்று மட்டும் சொல்லும். சர்வர் கோப்பைத் திறந்து வடிவத்தை எடுத்துப் போடும். எழுத்துருக்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்ப அடோபி நிறுவனம் வகுத்த வடிவத்துக்கு பி.டி.எஃப். (BDF; எல்லோரும் அறிந்த PDF வேறு) என்று பெயர். சாதாரண உரைக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு எழுத்தும் 'ஸ்டார்ட்சார்' என்ற சொல்லோடு தொடங்கும். பக்கத்தில் அந்த எழுத்தின் பெயர் இருக்கும். கீழே அகலம், உயரம், பிறகு புள்ளிகள் எங்கெங்கே விழ வேண்டும் என்ற கணக்கு. யூனிஃபான்ட் என்ற எழுத்துருவில் நம்முடைய 'க' கூட இப்படித்தான் இருக்கிறது: ஸ்டார்ட்சார், அப்புறம் யு+0பி95 என்று ஒரு பெயர்.

நம் கதாநாயகியான அந்த வரி செய்தது இவ்வளவுதான்: ஸ்டார்ட்சார் என்ற சொல்லைப் பார்த்தால், அதற்கடுத்து வரும் பெயரை எடுத்து, நினைவகத்தில் நூறு எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் வை. 'பெயரை எடு' என்பதற்கு சி மொழியில் ஒரு சதவீதக் குறியும் எஸ் என்ற எழுத்தும் போட்டால் போதும். அடுத்த இடைவெளி வரும்வரை வருவதையெல்லாம் அது அள்ளிக்கொண்டு வரும். எத்தனை எழுத்து வரை அள்ளலாம் என்று சொல்லவில்லை. அதுதான் பிழை.

வண்டியூர்க் கண்மாய்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. கரை மட்டும் இருந்தால் அது கண்மாய் ஆகாது, கலுங்கு வேண்டும். கொள்ளளவுக்கு மேல் வருகிற தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து போய்விடும். கலுங்கு இல்லாவிட்டால் தண்ணீர் தானே ஒரு வழி பார்த்துக்கொள்ளும். கரை உடைந்து கீழே இருக்கிற வயலும் வீடும் போகும். இங்கே நூறு எழுத்துக் கொள்ளளவில் ஒரு கண்மாய் வெட்டியவர்கள் கலுங்கு வைக்கவில்லை.

கீழே இருந்தது என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நூறு இடங்களும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருந்தன. வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரியும் அதே பகுதியில்தான் எழுதியிருக்கும். பெயர் அளவுக்கு மீறி நீண்டால் அந்த முகவரியின் மேலேயே எழுதப்பட்டுவிடும். தற்செயலாக நேர்ந்தால் சர்வர் விழும், திரை கறுத்துப் போகும். தெரிந்து செய்கிறவர் கையில் கிடைத்தால், நிரல் அவர் சொல்கிற இடத்துக்குப் போகும். எக்ஸ் சர்வரோ பல காலமாக ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடியது. வரைகலை அட்டையின் வன்பொருளை நேரடியாகத் தொட அந்த அதிகாரம் தேவைப்பட்டது. எழுத்துரு இருக்கும் கோப்புறையை மாற்றிக்கொள்ளும் உரிமை சாதாரணப் பயனருக்கும் உண்டு. ஆகவே கணக்கு மட்டும் வைத்திருக்கிற ஒருவர், நீளமான பெயர் கொண்ட ஓர் எழுத்தை எழுதி, 'இந்த எழுத்துருவைப் படி' என்று சர்வரிடம் கொடுத்தால், கணினி முழுவதும் அவர் கைக்குப் போக வாய்ப்பிருந்தது.

வீட்டில் ஒரே ஒருவர் பயன்படுத்தும் கணினியில் இதை வைத்துப் பயமுறுத்துவது மிகை. அங்கே திருட வருகிறவருக்கு ரூட் அதிகாரம் இல்லாமலே எல்லாம் கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்தில், ஐம்பது மாணவர்கள் மாறி மாறி உட்காரும் கணினியில் கதை வேறு.

1991 செப்டம்பரில் எக்ஸ்11இன் ஐந்தாம் வெளியீடு வந்தபோது பிழை முதன்முதலாக வெளியே காலடி வைத்தது. நான்காம் வெளியீட்டில் அது இல்லை. அதே ஐந்தாம் வெளியீட்டோடு இன்னொன்றும் வந்தது. தாமஸ் ரோல் என்பவர் இன்டெல் சில்லுள்ள சாதாரணப் பி.சி.களுக்காக எழுதிய எக்ஸ்386. சன், டெக், ஹெச்.பி. போன்ற விலையுயர்ந்த பணிநிலையங்களில் மட்டும் இருந்த எக்ஸ், மேசைக் கணினிக்கு இறங்கியது அதன் வழியாகத்தான். 1992இல் நான்கு பேர் சேர்ந்து அதைத் திருத்தத் தொடங்கினார்கள். அந்த முயற்சி எக்ஸ்ஃப்ரீ86 ஆனது. அதே ஆண்டு ஒரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி எக்ஸை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். இந்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுத்துருக் கோப்பு கூடவே போனது. அதற்கு யாரும் சீட்டு எடுக்கவில்லை.

இந்தியாவுக்கு அது வந்த வழிகளில் ஒன்று பத்திரிகை. தொண்ணூறுகளின் நடுவில் பி.சி. குவெஸ்ட் இதழ் அட்டையோடு லினக்ஸ் குறுந்தகடு கொடுக்க ஆரம்பித்தது. இணைய இணைப்பு என்றால் தொலைபேசி மணிக்கட்டணம் என்றிருந்த நாளில், சின்ன ஊர்களில் இருந்த எத்தனையோ பேருக்கு லினக்ஸ் கிடைத்தது அந்தத் தகடுகளில்தான். உள்ளே எக்ஸ்ஃப்ரீ86 இருந்தது, அதனுள்ளே அந்த வரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்வர் பக்கத்து எழுத்துரு முறை தமிழுக்கு ஒருபோதும் சரியாகப் பயன்படவில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலமாக வரிசையாகப் போடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒருங்குறியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்த மாற்றிப் போடும் அறிவு சர்வருக்கு இல்லை. உலகெங்கும் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி குறிமுறை இதைச் சுற்றிக்கொண்டு போனது. கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தது. அதனால் பழைய எக்ஸிலும் தமிழைக் காட்ட முடிந்தது. எக்ஸின் நிரலகத்தில் டிஸ்கிக்கென்று ஒரு கோப்புறை பல காலம் அப்படியே இருந்தது. மும்பையின் என்.சி.எஸ்.டி. நிறுவனம் இண்டிக்ஸ் என்ற பெயரில் வேறு வழியில் முயன்றது. இந்திய எழுத்துகளைக் கோக்கும் அறிவை எக்ஸ் சர்வருக்குள்ளேயே வைத்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. உலகம் எதிர்த் திசையில் போய்விட்டது. 2000ஐ ஒட்டிக் கீத் பேக்கர்ட் எழுதிய ரெண்டர் நீட்சியோடு எழுத்துரு வேலை சர்வரை விட்டுச் செயலிகளின் பக்கம் நகர்ந்தது. இன்று நாம் லினக்ஸில் ஒழுங்கான தமிழ் பார்க்கிறோம் என்றால், அது இப்படி நகர்ந்ததன் பயன். ஆக, பி.டி.எஃப். படிக்கும் நிரலால் தமிழுக்குக் கிடைத்த நன்மை சொற்பம். அதன் பிழை மட்டும் குறையில்லாமல் வந்து சேர்ந்தது.

அந்த வரி யார் கண்ணிலும் படாமல் போனதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. புதிய செயலிகள் சர்வர் எழுத்துருவைக் கேட்பதே இல்லை. பழையவை கேட்டாலும், பி.டி.எஃப். கோப்புகளை முன்கூட்டியே வேறு வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கி வைத்திருப்பார்கள். சர்வர் படிப்பது அந்தச் சுருக்கத்தை. நேர்மையான எழுத்துருவில் எந்த எழுத்துக்கும் நூறு எழுத்து நீளத்தில் பெயர் இருக்காது. கோளாறே தராத நிரலை யார் திறந்து பார்ப்பார்கள்?

2004இல் குடும்பம் உடைந்தது. எக்ஸ்ஃப்ரீ86 தன் 4.4 பதிப்புக்கு உரிமத்தை மாற்றியது. புதிய நிபந்தனை லினக்ஸின் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றாக விலகின. எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை உருவாகி, சச்சரவுக்கு முந்திய நிரலை எடுத்துக்கொண்டு தனியே நடந்தது. 2005 டிசம்பரில் அந்தப் பெருந்திரளை நூற்றுக்கணக்கான சிறு தொகுப்புகளாகப் பிரித்தார்கள். நிரலைத் தொகுக்கும் முறையையே மாற்றினார்கள். எழுத்துரு நிரல் லிப்எக்ஸ்ஃபான்ட் என்ற தனித் தொகுப்பானது. வீட்டைக் காலிசெய்து வேறு வீட்டுக்குப் போகும்போது உடைந்த சாமானைக் கழித்துக் கட்டுகிறவர்களும் உண்டு, பெட்டியைத் திறக்காமலே வண்டியில் ஏற்றுகிறவர்களும் உண்டு. இந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல லட்சம் வரிகள், அவற்றில் முழுநேரமாக உழைத்தவர்களோ ஒரு பேருந்தில் பாதி இருக்கைக்கு மேல் தேறமாட்டார்கள்.

இதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டில் பாஸ் லினக்ஸ் பிறந்தது. சென்னையின் சி-டாக், டெபியன் என்ற வழங்கலை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து உருவாக்கி, 2007 ஜனவரியில் வெளியிட்டது. டெபியனில் எக்ஸ்.ஆர்க் இருந்தது, எனவே பாஸிலும் இருந்தது.

பிறகு 2011. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எக்ஸ்11 வெளியானதும் ஒரு செப்டம்பர் 15தான், தற்செயல், வேறொன்றுமில்லை. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்குத் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் கொடுத்தார்கள். திறந்தால் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். திறந்த மூல மென்பொருள் தமிழ்நாட்டில் இத்தனை வீடுகளுக்குள் ஒரே மூச்சில் நுழைந்தது அதற்கு முன் கிடையாது.

வண்டியூர் மதுரை மாநகராட்சிக்குள் வந்ததும் அதே 2011இல்தான். வைகையின் வடகரை, தெப்பக்குளத்துக்கு எதிர்ப்பக்கம். சித்திரையில் அழகர் வந்து தங்குகிற ஊர். கணினி வாங்கித் தந்த எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா பாண்டி கோயில் பக்கம் இலந்தைக்குளத்தில் இருக்கிறது. கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். ஆனால் வீடுகளில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்துக் கணினிக் கடைகளில் நின்று கேட்டால் கதை வேறு. மூடியில் முதல்வர் படம் போட்ட கணினியைக் கொண்டுவந்து வைப்பார்கள். பாஸ் என்று ஒன்று வருகிறது, அதை எடுத்துவிட்டு விண்டோஸ் மட்டும் நல்லதாகப் போட்டுக் கொடுங்கள் என்பார்கள். கடைக்காரர் வட்டைத் துடைத்துப் புதிதாக ஏற்றித் தருவார். இருபது ஆண்டுப் பிழைக்கு அதைவிடச் சுத்தமான வைத்தியம் கிடையாது. அது தெரியாமல் செய்த வைத்தியம் என்பது ஒருபுறம், கூடவே நல்லதும் நூறு போயிற்று என்பது மறுபுறம்.

துடைக்காமல் வைத்திருந்த கணினிகளில் அது தொடர்ந்து வாழ்ந்தது.

2013இல் எக்ஸ் பக்கம் வெளிச்சம் விழ ஆரம்பித்தது. ஐ.ஓ.ஆக்டிவ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இல்யா வான் ஸ்பிரண்டல் எக்ஸின் நிரலகங்களைத் தோண்டத் தொடங்கியிருந்தார். மே மாதம் வெளியான முதல் அறிவிப்பிலேயே பல நிரலகங்களில் ஓட்டைகள். வருடக் கடைசியில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் மாநாட்டில், சர்வர் பக்கம் சில மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிழைகள் கண்டிருப்பதாகவும் இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார். அவற்றில் சில 1987இன் முதல் வெளியீட்டிலிருந்தே இருப்பவை.

நம் பிழையைக் கண்டது மனிதர் அல்ல, ஒரு கருவி. சிபிபிசெக் என்று பெயர். அதுவும் திறந்த மூல மென்பொருள். நிரலை ஓட்டாமலே வாசித்துச் சந்தேகமான இடங்களைக் காட்டும். அந்தக் கோப்பின் 341ஆம் வரியைக் காட்டி, அகல வரம்பு இல்லாமல் படிக்கிறாய், பெரிய உள்ளீடு வந்தால் விழுவாய் என்கிற பொருளில் எச்சரித்தது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. உண்மையில் இப்படிப்பட்ட கருவியை ஒரு பழைய நிரலின் மேல் விட்டால் எச்சரிக்கைகள் மூட்டை மூட்டையாகக் கொட்டும். பெரும்பாலானவை வெறும் உமி. ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த உள்ளீடு எங்கிருந்து வருகிறது? நம்பத் தகுந்த இடத்திலிருந்தா, அந்நியர் கையிலிருந்தா? இது ஓடும்போது நிரலுக்கு என்ன அதிகாரம் இருக்கும்? பராமரிப்பு என்ற சொல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த உமி புடைக்கிற வேலைதான். புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு மாநாட்டில் மேடை கிடைக்கும். புடைத்தவருக்கு மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி கிடைக்கும்.

புடைத்தவர் ஆலன் கூப்பர்ஸ்மித். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சோலாரிஸுக்காக எக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகும் அதே வேலையில் தொடர்ந்தவர். எக்ஸ்.ஆர்க்கின் பாதுகாப்பு அறிவிப்புகளில் அவர் பெயரைப் பார்க்காமல் இருப்பது கடினம். இந்த வரியை அவர் எடுத்துச் சோதித்தபோது, ஸ்டாக்குக்குக் காப்புப் போட்டுத் தொகுத்த சர்வர்கள் அந்தப் பொய் எழுத்துருவைக் கண்ட உடனே விழுந்தன. எழுத்துரு நிரலின் பழைய வரலாற்றைப் புரட்டி, 1991 மே 10 வரை பின்னே போய், ஐந்தாம் வெளியீட்டுப் பெட்டியில் இருக்கிறது, நான்காம் வெளியீட்டில் இல்லை என்றும் கைப்படப் பார்த்து எழுதினார்கள். ஒரு பிழையின் பிறந்த தேதியைத் தேடிப் போடுவது திருத்தத்துக்குத் தேவையில்லாத வேலை. ஆனால் எந்தெந்தப் பதிப்பை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்கு அதுவன்றி வேறு விடை இல்லை.

திருத்தம் இரண்டே இரண்டு எழுத்துகள். சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் 99 என்று போட்டார்கள். இடம் நூறு, கடைசி இடம் முடிவைக் காட்டும் சுழியத்துக்கு. மிச்சம் தொண்ணூற்றொன்பது. அதைத் தாண்டி வருவதை எடுக்காதே. 2014 ஜனவரி 7 அன்று லிப்எக்ஸ்ஃபான்ட் 1.4.7 வெளியானது, பிழைக்கு சி.வி.இ-2013-6462 என்று பதிவெண் கிடைத்தது. அறிவிப்பின் கடைசியில் சிபிபிசெக்கை உருவாக்கித் திறந்த மூலமாகக் கொடுத்தவர்களுக்கு எக்ஸ்.ஆர்க் நன்றி சொல்லியிருந்தது.

பிழையின் பயணம் இங்கே முடிகிறது. திருத்தத்தின் பயணம் இங்கேதான் தொடங்குகிறது. அது நடைப்பயணம். பிழை ஒவ்வொரு நகலோடும் தானாகவே பரவியது. திருத்தத்தை ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எக்ஸ்.ஆர்க் வெளியிட்டால் அதை டெபியனில் ஒருவர் எடுக்க வேண்டும். டெபியன் நிலைப் பதிப்பில் தொகுப்பின் பதிப்பெண்ணை மாற்ற மாட்டார்கள். பழைய பதிப்பிலேயே அந்த இரண்டு எழுத்தை மட்டும் ஒட்ட வேண்டும். டெபியனின் பாதுகாப்புக் குழு அதை அன்றே செய்து வெளியிட்டது. அடுத்து, டெபியனை அடிப்படையாகக் கொண்ட வழங்கல்கள் தங்கள் களஞ்சியத்தில் அதைச் சேர்க்க வேண்டும். கடைசியில் கணினியை வைத்திருப்பவர் இணையத்தில் இணைந்து, புதுப்பி என்று சொல்ல வேண்டும். 2014இல் நம் பக்கத்து வீடுகளில் இணையம் என்பது பெரும்பாலும் யு.எஸ்.பி.யில் செருகும் டாங்கிளும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எம்.பி.யும்தான். எழுத்துரு படிக்கும் ஒரு நிரலகத்துக்காக ரீசார்ஜைக் கரைக்க யாருக்கு மனசு வரும்? கணினியைக் கொடுக்கும்போது விழா இருந்தது. இந்தத் திரைக்குப் பின்னால் ஒன்று ஓடுகிறது, அதை மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஏற்பாடும் இருந்திருந்தால், பாஸைத் துடைக்கச் சொன்னவர்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும் என்பது என் கணக்கு.

அந்த வரி திருந்தியதோடு அதன் பக்கத்து வரிகள் யோக்கியமாகிவிடவில்லை. 2015 மார்ச் 17இல் லிப்எக்ஸ்ஃபான்டுக்கு இன்னோர் அறிவிப்பு வந்தது. மூன்று ஓட்டைகள், மூன்றும் அதே கோப்பில். ஒன்றிரண்டு அதே எழுத்தைப் படிக்கும் பகுதியில். அவற்றில் சில கண்டுபிடிக்கப்பட்டது வேறு வகைக் கருவியால். கண்டபடி கெடுத்த கோப்புகளை நிரலிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது அதன் முறை. ஒரு கருவி காணாததை இன்னொன்று கண்டது. 2023 அக்டோபரில் லிப்எக்ஸ்11இல் வந்த அறிவிப்பு இன்னும் பழைய சரக்கு: இரண்டு பிழைகள் 1988இன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து இருப்பவை. நம் கதாநாயகி அந்த வரிசையில் இளையவள்.

பழசு மட்டும்தான் ஆபத்து என்றும் முடிவு கட்ட முடியாது. 2018 அக்டோபர் 25இல் வந்த அறிவிப்பு அப்படி ஒன்று. ரூட் அதிகாரத்தோடு ஓடும் எக்ஸ் சர்வரிடம், உன் பதிவுக் கோப்பை இந்த இடத்தில் எழுது என்று சாதாரணப் பயனர் சொன்னால் அது கேட்டுக்கொண்டது; கணினியின் எந்தக் கோப்பின் மேலும் எழுத வைக்கலாம். நரேந்திர ஷிண்டே என்பவர் அதைக் கண்டு சொன்னார். பழைய பதிப்புகளில் அதைத் தடுக்கும் காவல் இருந்தது. 2016இல் வந்த 1.19 பதிப்புக்காக நிரலைச் சீராக்கியபோது காவல் போய்விட்டது. சுத்தம் செய்த கையாலேயே கதவு திறந்தது. பழைய நிரலைத் தொடாமல் விட்டால் 1991இன் வரி உள்ளேயே கிடக்கும், தொட்டால் 2016இன் வரி புதிதாகப் பிறக்கும். பராமரிப்பவர்கள் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

எக்ஸையே ஓரங்கட்டும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. 2008இல் ரெட் ஹேட்டில் இருந்த கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற மாற்று இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைகளில் இயல்பிருப்பு. எக்ஸைப் பல ஆண்டுகள் சம்பளம் கொடுத்துப் பராமரித்த ரெட் ஹேட், 2025இல் வெளியிட்ட தன் லினக்ஸ் வழங்கலின் பத்தாம் பதிப்பில் எக்ஸ்.ஆர்க் சர்வரை வைக்கவே இல்லை. இதற்கிடையில் சர்வரை ரூட் இல்லாமல் ஓட்டும் ஏற்பாடும் 2014இன் 1.16 பதிப்பிலேயே வந்துவிட்டது. நம் பிழை இன்று பிறந்திருந்தால் அதன் கையில் பெரிய அதிகாரம் எதுவும் இருந்திருக்காது.

ஆனாலும் எக்ஸுக்காக எழுதிய பழைய செயலிகள் போய்விடவில்லை. அவற்றுக்காக வேலண்டுக்குள்ளேயே எக்ஸ்வேலண்ட் என்ற ஒரு சிறிய எக்ஸ் சர்வர் ஓடுகிறது. அது எழுத்துருக்களுக்காகச் சார்ந்திருப்பது லிப்எக்ஸ்ஃபான்டின் இரண்டாம் பதிப்பை. ஸ்டார்ட்சாரைத் தேடும் அதே கோப்பும் அதனுள் இருக்கிறது, நடுவில் 99ஓடு.

அரசு கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினி ஏதாவது ஓர் அலமாரியில் இன்னும் இருந்து, பாஸும் துடைக்கப்படாமல் இருந்தால், நிறுவிய தொகுப்புகளின் பட்டியலைத் திறந்து லிப்எக்ஸ்ஃபான்ட்1 என்ற பெயரைத் தேடலாம். எதிரே 1.4.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் திருத்தம் வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தாலும் உடனே முடிவுக்கு வர வேண்டாம். பதிப்பெண்ணை மாற்றாமல் ஒட்டுப் போட்ட தொகுப்பாக இருக்கலாம். அந்தத் தொகுப்போடு வரும் மாற்றப் பதிவேட்டைத் திறந்து, 2014 ஜனவரியை ஒட்டிய பதிவுகளில் 6462 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.